கே.எல். 70 எந்த ஊர்? நம்பர் பிளேட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வோம்

பொள்ளாச்சியில் இருந்து கொழிஞ்சாம்பாறை வரும் சாலையில் கோபாலபுரத்தைத் தாண்டினால் கேரளம். செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா மகனோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். ஏழாவது படிக்கிறான். டீ ஆறுவதற்குள் சாலையில் போகிற வண்டிகளின் நம்பரை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டான். டி.என். 41, கே.எல். 70, கே.எல். 09, கே.எல். 15, மறுபடியும் டி.என். 41, அப்புறம் ஏ.பி. 39.

"மாமா, 70ன்னா எந்த ஊரு?"

"நம்ம ஊருதான்டா. சித்தூரு."

"அப்ப 09?"

"அதுவும் நம்ம ஊருதான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஒரே ஊருக்கு எப்படி ரெண்டு நம்பர் வரும்? நியாயமான கேள்வி. பெரியவர்களிலும் பலருக்கு இதற்குச் சரியான பதில் தெரியாது. எல்லையோரத்தில் வாழ்கிற நாம் தினமும் நூறு வண்டி பார்க்கிறோம். நம்பரை வைத்து ஆளை எடைபோடவும் செய்கிறோம். 'கேரளா வண்டி', 'தமிழ்நாடு வண்டி' என்கிறோம். அந்த நம்பர் உண்மையில் எதைச் சொல்கிறது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. அன்று அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு பதிவெண்ணில் நான்கு துண்டுகள் உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலம். அடுத்த இரண்டு இலக்கம், வண்டியைப் பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீஸ். அதற்குப் பின்னால் வரும் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ வரிசை. கடைசி நான்கு இலக்கம் அந்த வரிசையில் உங்கள் வண்டியின் இடம். அவ்வளவுதான். 'கே.எல். 70 பி' என்று தொடங்கும் வண்டி என்றால், கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் ஆபீஸில், பி வரிசையில் பதிவானது.

இந்த முறை நாடு முழுக்க வந்தது மோட்டார் வாகனச் சட்டம், 1988 மூலம். சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1989 ஜூலை 1. அதற்கு முன்னால் மூன்று எழுத்தும் ஒரு எண்ணும்தான். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அப்பாவின் பஜாஜ் சேத்தக் இன்னும் நிற்கிறது. அதன் பிளேட்டில் கே.எல்.பி. என்று பெயின்டரின் கையெழுத்தில் வெள்ளையாக எழுதியிருக்கும். அந்த 'பி' பாலக்காடு. ஆங்கிலத்தில் அப்போது பால்காட் என்பார்கள். திருவனந்தபுரம் வண்டி கே.எல்.டி. என்று ஓடியது, ஊரின் ஆங்கிலப் பெயரில் இருந்து எடுத்த 'டி' அது. கோட்டயம் வண்டி கே.எல்.கே. அந்தக் காலத்து ஆட்களுக்கு மனப்பாடம் தேவைப்படவில்லை, எழுத்தே ஊரைச் சொல்லிவிடும். வண்டிகள் பெருகப் பெருக எழுத்துகள் போதாமல் போய், இலக்கத்துக்கு மாறினார்கள்.

இலக்கம் என்றதும் ஒரு குழப்பம். யாருக்கு 1, யாருக்கு 2? இதை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி முடிவு செய்தது. நம்மைச் சுற்றி இருக்கும் மூன்று மாநிலங்களும் மூன்று வழியில் போனதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வழி தெரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

முதலில் கேரளம். மேப்பை எடுத்து, தெற்கே கடைக்கோடியில் விரலை வைத்து, அப்படியே வடக்கே நகர்த்துங்கள். திருவனந்தபுரம் 01, கொல்லம் 02, பத்தனம்திட்டா 03, ஆலப்புழை 04, கோட்டயம் 05, இடுக்கி 06, எர்ணாகுளம் 07, திருச்சூர் 08, பாலக்காடு 09, மலப்புறம் 10, கோழிக்கோடு 11, வயநாடு 12, கண்ணூர் 13, காசர்கோடு 14. பதினான்கு மாவட்டம், பதினான்கு எண். தெற்கில் இருந்து வடக்கு. ஒரு கேரள வண்டியின் எண் 14க்குள் இருந்தால், விரலை ஓட்டியே மாவட்டத்தைச் சொல்லிவிடலாம்.

15 மட்டும் எந்த ஊருக்கும் இல்லை. அது கேரள அரசு போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி.க்கு ஒதுக்கிய எண். அதனால் சித்தூர் டிப்போவில் இருந்து கிளம்பும் அரசு பஸ்ஸிலும் கே.எல். 15தான் இருக்கும், காசர்கோட்டில் ஓடுகிற பஸ்ஸிலும் அதேதான். பஸ் எந்த டிப்போ என்று தெரிய வேண்டுமானால் பிளேட்டைப் பார்த்துப் பயனில்லை.

அப்புறம் மாவட்டத்துக்கு ஓர் ஆபீஸ் போதவில்லை. ஆட்டிங்ஙல் 16, மூவாற்றுப்புழை 17, வடகரை 18 என்று மூன்று சேர்ந்தன. அதற்குப் பிறகு தாலூகா அளவில் சப் ஆர்.டி. ஆபீஸ்கள் வந்தபோது, விரலை மறுபடியும் தெற்கே கொண்டுபோய் வைத்தார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாறசாலை 19. நெய்யாற்றின்கரை 20. இப்படியே மேலே ஏறி, செங்கோட்டைக்கு அக்கரையில் இருக்கும் புனலூர் 25, குமுளிச் சாலையில் இருக்கும் வண்டிப்பெரியார் 37, ஆலத்தூர் 49, மண்ணார்க்காடு 50, ஒற்றப்பாலம் 51, பட்டாம்பி 52 என்று போய், காஞ்ஞங்காட்டில் 60 வந்து நின்றது. திரும்பவும் ஒரு தெற்கு-வடக்குப் பயணம்.

அது முடிந்த பிறகும் புது ஆபீஸ்கள் வந்தன. குன்னத்தூர் 61ல் தொடங்கித் திரூரங்காடி 65 வரை ஒரு சின்னச் சுற்று. அடுத்த சுற்று குட்டநாடு 66ல் தொடங்குகிறது. உழவூர் 67, தேவிகுளம் 68, உடும்பன்சோலை 69, சித்தூர் 70, நிலம்பூர் 71, மானந்தவாடி 72, சுல்தான் பத்தேரி 73. மறுபடி தெற்கே இறங்கிக் காட்டாக்கடை 74, அங்கிருந்து ஏறி வெள்ளரிக்குண்டு 79. மரத்தை அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியுமே, அந்த மாதிரி. எண்ணைப் பார்த்தாலே அந்த ஆபீஸ் எத்தனையாவது சுற்றில் வந்தது என்று புரிந்துவிடும்.

இதில் 68, 69, 70 மூன்றையும் பாருங்கள். தேவிகுளம் என்றால் மூணாறு பக்கம், உடும்பன்சோலை போடிமெட்டை ஒட்டிய ஏலக்காய் மலை, சித்தூர் நம் பக்கம். மூன்று தாலூகாவிலும் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். அடுத்தடுத்த எண்கள் அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைச் சாலையில் பார்த்தால் எனக்குச் சொந்தக்காரர் வண்டியைப் பார்த்த மாதிரி இருக்கும். பொள்ளாச்சியில் கே.எல். 70 வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால், மலையாளத்தில் பேச்சுக் கொடுக்கிறவர்கள் உண்டு. நாம் தமிழில் பதில் சொன்னதும், "ஏனுங்க, கேரளா வண்டில வந்திருக்கீங்க, தமிழ் இவ்ளோ நல்லா பேசறீங்க" என்பார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. பிளேட் ஆபீஸைச் சொல்லும். ஓட்டுகிறவர் என்ன பாஷை பேசுவார் என்பது அதில் எழுதியிருக்காது.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். சித்தூருக்குத் தனி ஆபீஸ் வருவதற்கு முன்னால் இந்தத் தாலூகா முழுக்கப் பாலக்காட்டில்தான் பதிவு. அதனால் அண்ணனின் ஜீப் கே.எல். 09. அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் கே.எல். 70. ஆபீஸ் பிரிந்தால் பழைய வண்டிக்குப் புது எண் போட மாட்டார்கள். பதிவானபோது வாங்கிய எண், அந்த மாநிலத்துக்குள் இருக்கும் வரைக்கும் கூடவே வரும். அப்பாவின் கே.எல்.பி. இன்னும் கே.எல்.பி.யாகவே இருப்பதும் அதனால்தான். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எண் மாறாது. ஒரே வாசலில் மூன்று வண்டி, மூன்று காலத்து எண், குடும்பம் ஒன்று.

சரி, தமிழ்நாட்டுக்குப் போவோம். அங்கே விரலைத் தலைநகரில் வைக்க வேண்டும். டி.என். 01 சென்னை மத்தியில் தொடங்கி, 02, 03, 04 என்று சென்னைக்குள்ளேயே சுற்றும். தாம்பரம் 11, பூந்தமல்லி 12 என்று ஓரத்துக்கு வந்து, செங்கல்பட்டு 19, திருவள்ளூர் 20, காஞ்சிபுரம் 21 என்று வெளியே இறங்கும். வேலூர் 23, கிருஷ்ணகிரி 24, திருவண்ணாமலை 25. நாமக்கல் 28, தர்மபுரி 29. அப்புறம் மேற்கே திரும்பினால் ஈரோடு 33, கோவை தெற்கு 37, கோவை வடக்கு 38, திருப்பூர் வடக்கு 39, மேட்டுப்பாளையம் 40, பொள்ளாச்சி 41, நீலகிரி 43. அங்கிருந்து திருச்சி 45, தஞ்சாவூர் 49, நாகப்பட்டினம் 51 எனக் காவிரி ஓரமாகவே போகும். அதன் பிறகு திண்டுக்கல் 57, மதுரை 58, 59, தேனி 60. கடைசியாகத் தூத்துக்குடி 69, திருநெல்வேலி 72, நாகர்கோவில் 74, மார்த்தாண்டம் 75, தென்காசி 76. சென்னையில் கிளம்பி ஊர் ஊராகச் சுற்றிக் குமரியில் வந்து நிற்கிற பயணம் மாதிரி. பின்னால் சேர்ந்த ஆபீஸ்கள் இந்த ஒழுங்கில் அடங்காது. கோவை மத்தியம் 66, கோவை மேற்கு 99. ஆகவே எண்ணைப் பார்த்துத் திசையை ஊகிக்கலாம், சத்தியம் செய்ய முடியாது.

எல்லையோரத்துக்கு என்று பார்த்தால் ஆறு எண் போதும்: 41, 43, 60, 74, 75, 76. இந்த ஆறும் கேரளத்தின் ஏதாவது ஓர் எண்ணோடு தினமும் உரசிக்கொண்டிருக்கும். 75க்கு எதிரில் 19. 76க்கு எதிரில் 25. 60க்கு எதிரில் குமுளிப் பக்கம் 37, போடிமெட்டுப் பக்கம் 69. 41க்கு எதிரில் நம் 70. 43க்கு எதிரில் ஒரு பக்கம் 73, இன்னொரு பக்கம் 71.

தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ.வுக்குக் கீழே யூனிட் ஆபீஸ் என்று ஒன்று உண்டு. எழுத்தில் பகுதி அலுவலகம் என்பார்கள். அதற்குத் தனி இலக்கம் கொடுக்காமல் தனி எழுத்து கொடுத்துவிடுவது பழக்கம். தேனியின் 60லேயே இசட் என்று இருந்தால் உத்தமபாளையம். நீலகிரியின் 43ல் இசட் என்றால் கூடலூர். அதனால் டி.என். வண்டியில் இலக்கத்தோடு நிறுத்திவிடாமல் எழுத்தையும் பார்க்க வேண்டும். அந்த எழுத்து இன்னும் இரண்டு விஷயம் சொல்லும். 'என்' (N) வரிசை என்றால் அரசு போக்குவரத்துக் கழக பஸ். ஜி வரிசை என்றால் அரசு வாகனம். கேரளம் தன் பஸ்களை ஓர் இலக்கத்துக்குள் அடைத்தது, தமிழ்நாடு ஓர் எழுத்துக்குள் அடைத்தது. அதனால் டி.என். பஸ்ஸில் பதிவான ஊரைக் கண்டுபிடிக்க முடியும், கே.எல். பஸ்ஸில் முடியாது.

மூன்றாவது ஆந்திரம். அவர்கள் விரலை மேப்பில் வைக்கவே இல்லை. ஆங்கில அகரவரிசையை எடுத்துக்கொண்டார்கள். அதிலாபாத் 01, அனந்தபூர் 02, சித்தூர் 03, கடப்பை 04. நடுவில் குண்டூர் 07, ஐதராபாத் 09. நெல்லூர் 26, பிரகாசம் 27. இப்படியே ஏறக்குறைய அகரவரிசையில் போய் மேற்கு கோதாவரி 37. திருப்பதி, திருத்தணி, ஊத்துக்கோட்டைப் பக்கம் வாழ்கிற தமிழர்களுக்கு 03ம் 26ம் நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்த வழக்கம் 2019ல் முடிந்துபோனது. ஆந்திரம் மாநிலம் முழுவதற்கும் ஏ.பி. 39 என்ற ஒரே எண்ணைக் கொண்டுவந்தது. சித்தூரில் வாங்கினாலும் 39, ஸ்ரீகாகுளத்தில் வாங்கினாலும் 39. எழுத்து வரிசைதான் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் புது ஆந்திர வண்டியைப் பார்த்து ஊரைச் சொல்ல வழியே இல்லை. 03, 26 என்று பார்த்தால் அது 2019க்கு முந்திய பதிவு என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இதே கணக்கில் இன்னொன்று. 2014ல் தெலங்கானா பிரிந்தபோது புது வண்டிகளுக்கு டி.எஸ். (TS) வந்தது, 2024ல் அது டி.ஜி. (TG) ஆனது. பிரிவதற்கு முன்னால் ஐதராபாத்தில் வாங்கிய வண்டிகள் ஏ.பி. 09 போன்ற பழைய எண்களிலேயே ஓடுகின்றன. பிளேட்டில் ஆந்திரம், ஊர் தெலங்கானா. மாநிலமே பிரிந்தாலும் பழைய எண் அப்படியே நிற்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

ஏன் இப்படி ஆபீஸ் எண்ணைப் பிளேட்டிலேயே எழுத வேண்டும்? கம்ப்யூட்டர் வராத காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வண்டியின் முழு விவரமும், அதாவது ஓனர் பெயர், சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், வரி, கடன் எல்லாம், ஓர் ஆபீஸின் அலமாரியில் ஒரு தடிமனான பதிவேட்டில் இருந்தது. வேறு எங்கேயும் கிடையாது. விபத்து நடந்தாலோ வண்டி திருடுபோனாலோ போலீஸ் எந்த ஆபீஸுக்குத் தகவல் கேட்டு எழுத வேண்டும்? அதைச் சொல்லத்தான் அந்த இரண்டு இலக்கம். இந்த ஊர்க்காரர் என்று காட்டுவதற்காக யாரும் அதைப் போடவில்லை. இன்று 'வாகன்' என்ற தரவுத்தளத்தில் எல்லா ஆபீஸின் விவரமும் ஒன்றாகிவிட்டது. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பதிவு ஆபீஸின் பெயரே வந்துவிடும். ஓனர் பெயரைப் பாதி மறைத்துக் காட்டும்.

சட்டமும் அதற்கேற்ப மாறிவிட்டது. முன்பெல்லாம் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆபீஸில்தான் பதிவு செய்ய வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, வீடோ தொழிலோ இருக்கும் மாநிலத்துக்குள் எந்த ஆபீஸிலும் பதியலாம் என்று 40ஆம் பிரிவை மாற்றினார்கள். அதனால் இனி கே.எல். 07 என்று பார்த்தால் எர்ணாகுளம் ஆபீஸ் என்று சொல்லலாம். எர்ணாகுளத்துக்காரர் வண்டி என்று சொல்வது ஊகம்தான்.

அப்படியும் மனிதர்களுக்கு எண் மேல் இருக்கும் ஆசை குறையவில்லை. பிடித்த எண்ணுக்கு ஏலம் உண்டு. 2025 ஏப்ரலில் கே.எல். 07 டி.ஜி. (DG) 0007 என்ற எண் 46.24 லட்சம் ரூபாய்க்குப் போனது. ஆபீஸும் ஏழு, வண்டியும் ஏழு! அந்த டி.ஜி. என்ற எழுத்தைக் கவனியுங்கள். ஒரு வரிசை 9999 வரை போனதும் அடுத்த எழுத்து தொடங்கும். ஏ முதல் இசட் வரை முடிந்தால் ஏஏ, ஏபி என்று இரட்டை எழுத்து. 1, 0 என்ற இலக்கங்களோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ இரண்டையும் பொதுவாக விட்டுவிடுவார்கள். வரிசை இடையில் தாண்டாமல் ஓடியிருந்தால், டி.ஜி. வருவதற்குள் நூறு வரிசைக்கு மேல் ஆகியிருக்கும். அப்படியென்றால் எர்ணாகுளத்தில் மட்டும் பத்து லட்சம் வண்டி. எழுத்தைப் பார்த்து ஓர் ஊரின் நெரிசலை ஊகிக்கலாம். வண்டியின் வயதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

இனி கொஞ்சம் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். எல்லையோரத்தில் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு டி.என். 41 பைக் வாங்கினேன். வண்டி அருமையாக இருந்தது. இங்கிருந்து பொள்ளாச்சி எட்டிவிடும் தூரம். நம்பரில் என்ன இருக்கிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, வேற ஸ்டேட் வண்டியை இங்கயே பன்னண்டு மாசத்துக்கு மேல வெச்சிருந்தா நம்பர் மாத்தணும்." சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்வதும் அதுதான்.

மாற்றுவதற்கு முதலில் பழைய ஆபீஸில் இருந்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும், அதற்குப் படிவம் 28. அங்கேதான் தெரிந்தது, விற்றவர் வண்டிக் கடனை அடைத்திருந்தாலும் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருந்த கடன் பதிவை நீக்கவே இல்லை என்று. அதற்குப் படிவம் 35ல் கடன் கொடுத்தவரின் கையெழுத்தோடு, ஆர்.சி.யில் பெயர் இருக்கும் ஓனரின் கையெழுத்தும் வேண்டும். விற்றவர் ஊர் மாறிப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. இரண்டு மாதம் அலைந்தேன், எத்தனையோ நாள் வேலை கெட்டது. அவரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கி, கடன் பதிவை நீக்கி, என்.ஓ.சி. வாங்கி, அதை இங்கே கொடுத்துப் படிவம் 27ல் புது எண்ணுக்கு விண்ணப்பித்து, கேரளத்துக்கான வரியையும் கட்டிய பிறகுதான் கே.எல். 70 கிடைத்தது. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள் தனி. கட்டிய வரியில் மிச்ச காலத்துக்கானதைப் பழைய மாநிலத்தில் திரும்பக் கேட்கலாம், அதற்கும் தனியாக விண்ணப்பம் உண்டு. பைக் வாங்கும்போதே ஆர்.சி.யை ஒரு முறை நிதானமாகப் பார்த்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா, சேஸிஸ் நம்பர் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதில் இருந்து இன்னொன்றும் புரிந்தது. இப்போது என் பைக்கைப் பார்க்கிறவர்கள் சித்தூரில் வாங்கியது என்றுதான் நினைப்பார்கள். பொள்ளாச்சியில் பிறந்த வண்டி என்று பிளேட்டில் எங்கேயும் இல்லை. பிளேட் காட்டுவது இப்போதைக்கு எந்த ஆபீஸில் பதிவு இருக்கிறது என்பதை மட்டும்.

ஒரே மாநிலத்துக்குள் வீடு மாறினால் இவ்வளவு கஷ்டம் இல்லை. எண் அப்படியே இருக்கும், விலாசத்தை மட்டும் படிவம் 33 கொடுத்து 30 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி மாநிலம் மாறுகிற வேலையில் இருப்பவர்களுக்காக 2021 செப்டம்பர் 15 முதல் பி.எச். வரிசை வந்திருக்கிறது. பாரத் என்பதன் சுருக்கம். அதில் முதலில் வருடம், அப்புறம் பி.எச்., பின் நான்கு இலக்கம், கடைசியில் எழுத்துகள். மாநிலமும் இல்லை, ஆபீஸும் இல்லை. பட்டாளத்துக்காரர்கள், அரசு ஊழியர்கள், நான்கு மாநிலத்துக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்கள் வாங்கலாம்.

புதுச்சேரி எண்களைப் பார்த்தால் பலருக்குக் குழப்பம் வரும். பி.ஒய். 01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹி, 04 ஏனாம். மாஹி இருப்பது கேரளக் கரையில், கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில். ஏனாம் ஆந்திரத்துக்குள். ஆக பி.ஒய். 03 ஓட்டி வருகிறவர் மலையாளி, 04 ஓட்டி வருகிறவர் தெலுங்கர், 01 ஓட்டி வருகிறவர் தமிழர் என்று இருக்க வாய்ப்பு அதிகம். மூவருக்கும் பிளேட்டில் அதே இரண்டு எழுத்து.

பிளேட்டின் நிறமும் பேசும். வெள்ளையில் கறுப்பு எழுத்து சொந்த உபயோகம், மஞ்சளில் கறுப்பு வாடகை. கறுப்பில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்குக் கிடைக்கும் வண்டி. பச்சை என்றால் மின்சார வண்டி. அதில் வெள்ளை எழுத்து சொந்தம், மஞ்சள் எழுத்து வாடகை. 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புது வண்டிகளில் அலுமினியத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம் பதித்த பிளேட்தான். தமிழிலோ மலையாளத்திலோ எழுத ஆசை இருந்தாலும் சட்டப்படி ஆங்கில எழுத்தும் 1, 2, 3 என்ற இலக்கமும்தான் செல்லும்.

டீக்கடைக்குத் திரும்புகிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஐயப்ப சாமி வேன் வந்து நின்றது. மஞ்சள் பிளேட், ஏ.பி. 03. பையன் விரலை மடக்கி அகரவரிசையைச் சொல்லிப் பார்த்தான். அதிலாபாத், அனந்தபூர், அப்புறம்... அதற்குள் டிரைவர் இறங்கி வந்து, நல்ல தமிழில் எட்டு டீ சொன்னார்.

"எந்த ஊருங்கண்ணா?" என்று பையன் கேட்டான்.

"சித்தூரு தம்பி."

பையன் என்னைப் பார்த்தான், வேனின் பிளேட்டைப் பார்த்தான், எங்கள் பைக்கின் பிளேட்டையும் பார்த்தான். அப்புறம் அவரிடம் சொன்னான்: "நாங்களும் சித்தூருதான். ஆனா எங்களுது எழுபது."